தலைசுற்றலுக்குக் காரணம் தேடிய கதை

"தலை சுத்துது" என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே வரும் பதில்கள் நமக்குத் தெரிந்தவைதான். "பித்தம் ஏறிடுச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி." "பி.பி. பாருங்க." "நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே?" காதைக் காட்டுங்கள் என்று சொல்பவர்கள் குறைவு. கேட்பது காதின் வேலை, தலைசுற்றலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒரு வகைத் தலைசுற்றல் இருக்கிறது. படுக்கையில் புரண்டு படுத்தால், அண்ணாந்து பரண்மேல் இருப்பதை எடுத்தால், குனிந்து நிமிர்ந்தால், திடீரென்று அறையே சுழலும். அரை நிமிடம் போல இருந்துவிட்டு நின்றுவிடும். மறுபடி அதே பக்கம் திரும்பினால் மறுபடி சுழலும். இதற்குக் காரணம் பெரும்பாலும் உட்செவிக்குள் மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிக் கிடப்பதுதான். இதைச் சரிசெய்ய மாத்திரையும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பினால், பலருக்கு ஒரே அமர்வில் நின்றுவிடுகிறது.

இவ்வளவு எளிய விஷயத்தைக் கண்டுபிடித்து, சோதித்து, ஒப்புக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு 130 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதில் புறா வருகிறது, வெந்நீர் வருகிறது, போர்க் கைதி ஒருவர் வருகிறார், பிளாஸ்டிக் குழாயோடு விளையாடிய டாக்டர் ஒருவரும் வருகிறார்.

மூளையா, காதா?

19ஆம் நூற்றாண்டின் பாதி வரை கடுமையான தலைசுற்றலோடு ஒருவர் விழுந்தால், மூளைக்கு ரத்தம் அதிகமாக ஏறிவிட்டது என்றுதான் ஐரோப்பிய மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். மூளையில் ரத்தம் தேங்குவது நோய் என்றால், அதைக் குறைப்பதுதானே வைத்தியம்? அதனால் நரம்பைக் கீறி ரத்தம் வடித்தார்கள், அட்டை விட்டார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த நோயாளி இன்னும் பலவீனமானார்.

இதைக் கேள்வி கேட்டவர் பிரான்ஸ் நாட்டின் புரொஸ்பேர் மெனியேர். 1799இல் பிறந்தவர். 1838 முதல் பாரிஸில் காது கேளாதோருக்கான தேசிய நிறுவனத்தில் தலைமை மருத்துவராக இருந்தார். காது கேளாதவர்களையே நாள்தோறும் பார்த்த மருத்துவர் என்பதால், மற்றவர்கள் கண்ணில் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் தனியாக வரவில்லை. கூடவே காதில் இரைச்சல் வந்தது, கேட்கும் திறனும் குறைந்துகொண்டே போனது. மூளையில்தான் கோளாறு என்றால் கை கால் இழுத்துக்கொள்ள வேண்டும், பேச்சு குழற வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே இவர்கள் நன்றாகவே இருந்தார்கள்.

மெனியேருக்குத் துணை நின்றது ஒரு புறா ஆராய்ச்சி. உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஒரு பகுதியும், வளையம் வளையமாக மூன்று அரைவட்டக் குழல்களும் உண்டு. நத்தை ஓடு கேட்பதற்கு. வளையங்கள் எதற்கு என்பது நெடுநாள் புதிர். பியேர் ஃப்ளூரான்ஸ் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1820களில் புறாக்களின் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். படுக்கைவாட்டத்தில் இருக்கும் குழலை வெட்டினால் புறா தலையைப் பக்கவாட்டில் ஆட்டியபடி சுழன்றது. நின்றவாட்டத்தில் இருப்பதை வெட்டினால் குட்டிக்கரணம் அடித்தது. ஆனால் அதற்குக் காது கேட்டது!

புறாவுக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கலாமே என்று மெனியேர் யோசித்தார். 1861 ஜனவரி 8ஆம் தேதி பாரிஸ் மருத்துவ அகாதெமியில் தன் கட்டுரையை வாசித்தார். ஓர் இளம்பெண்ணின் கதையையும் அதில் சொன்னார். குளிர்கால இரவில் திறந்த வண்டியில் பயணம் செய்த அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று காது கேட்காமல் போனது. கடுமையான தலைசுற்றலும் வாந்தியும் வந்து, ஐந்தாம் நாள் இறந்துபோனாள். உடலைப் பரிசோதித்தபோது மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. அரைவட்டக் குழல்களுக்குள் மட்டும் சிவப்பாக ஏதோ கசிந்து நிரம்பியிருந்தது.

அந்தக் கட்டுரைக்குப் பெரிய வரவேற்பு இல்லை. மூளையில் ரத்தம் தேங்குவது பற்றித்தான் அகாதெமி அப்போது விவாதித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, 1862 பிப்ரவரியில் மெனியேர் நிமோனியா கண்டு இறந்தார். தான் சொன்னது ஏற்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை. இன்று தலைசுற்றல், காது இரைச்சல், கேள்திறன் குறைவு மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வரும் நோய்க்கு அவர் பெயர்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த இளம்பெண்ணுக்கு வந்தது இன்று நாம் மெனியேர் நோய் என்று சொல்வதே அல்ல என்பது பிற்கால ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மெனியேர் நோயில் ஐந்து நாளில் யாரும் இறப்பதில்லை. அவர் காட்டிய உதாரணம் பொருந்தவில்லை, ஆனால் வந்து சேர்ந்த முடிவு சரி. மருத்துவ வரலாற்றில் இப்படியும் நடக்கும்.

வெந்நீரும் தண்ணீரும்

காதில்தான் கோளாறு என்று சொல்லியாயிற்று. உயிரோடு இருக்கும் ஒருவரின் உட்செவியை எப்படிச் சோதிப்பது? அது உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது. திறந்து பார்த்தால் கெட்டுப்போகும். அப்போது ஸ்கேன் கிடையாது.

இதற்கு வழி காட்டியவர் வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் பாரனி. 1876இல் பிறந்தவர். 1903இல், காது மருத்துவத்தில் அந்தக் காலத்தின் பெரிய பெயரான ஆடம் பொலிட்சரின் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தார். சீழ் வடியும் காதுகளுக்குப் பீச்சாங்குழல் வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவது அங்கே அன்றாட வேலை. கழுவும்போது சிலர் தலை சுற்றுகிறது என்பார்கள். இது எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்த விஷயம், யாரும் பொருட்படுத்தவில்லை. பாரனி அவர்களுடைய கண்களைப் பார்த்தார். விழிகள் ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்து, எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திரும்பி, மறுபடி மெதுவாக நகர்ந்தன. இதை விழிநடுக்கம் என்பார்கள்.

ஒருநாள் ஒரு நோயாளி, தண்ணீர் போதுமான சூடாக இல்லாவிட்டால்தான் தனக்குத் தலை சுற்றுகிறது, வீட்டில் வெதுவெதுப்பான நீரில் தானே கழுவும்போது சுற்றுவதில்லை என்றார். பாரனி செவிலியரிடம் இன்னும் சூடான நீர் கேட்டார். வந்த நீர் அளவுக்கு மீறிச் சூடு. நோயாளி துடித்துப்போனார். பாரனி பார்த்தது அவர் விழிகளை. விழிநடுக்கம் இருந்தது, ஆனால் திசை நேர் எதிராக மாறியிருந்தது!

குளிர்ந்த நீருக்கு ஒரு திசை, சுடுநீருக்கு எதிர்த்திசை, உடல் சூட்டில் இருக்கும் நீருக்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால் காரணம் நீரின் வேகமோ அழுத்தமோ அல்ல, வெப்பம். பாரனிக்கு வெந்நீர்க் கொதிகலன் நினைவு வந்தது. அதில் சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். அரைவட்டக் குழல்களுக்குள்ளும் திரவம் இருக்கிறது. வெளியே ஊற்றும் நீர் அந்தத் திரவத்தின் ஒரு பக்கத்தைச் சூடாக்கினால் அது மேலே ஏறும், குளிர்வித்தால் கீழே இறங்கும். திரவம் நகர்ந்தால் தலை திரும்புகிறது என்று மூளை நம்பிவிடும். அதற்கேற்பக் கண்களைத் திருப்பும்.

சரிதானா என்று பார்க்க அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். தலையைக் கவிழ்த்து வைத்தால் மேல் கீழாகிவிடும். அப்போது அதே நீருக்கு விழிநடுக்கம் எதிர்த்திசையில் ஓட வேண்டும். ஓடியது. 1906இல் இதை வெளியிட்டார். ஒரு பீச்சாங்குழலும் இரண்டு வகைத் தண்ணீரும் இருந்தால் எந்தக் காது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தனித்தனியாகச் சொல்லிவிடலாம்! 1942இல் லண்டனில் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹால்பைக்கும் நீரின் வெப்பத்தை 30 டிகிரி, 44 டிகிரி செல்சியஸ் என்று திட்டப்படுத்தினார்கள். உடல் வெப்பமான 37க்கு 7 டிகிரி கீழே, 7 டிகிரி மேலே. இந்தச் சோதனை இன்றும் செய்யப்படுகிறது.

பாரனியின் வாழ்க்கை தனியே ஒரு கதை. முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவராகப் போனார். 1915 மார்ச்சில் பிரெமிசில் கோட்டை ரஷ்யர்களிடம் விழுந்தபோது கைதியானார். இன்றைய துர்க்மேனிஸ்தானில் இருக்கும் மெர்வ் நகர முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு 1915இல் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் போர்க் கைதி. ஸ்வீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தலையிட்ட பிறகு 1916இல்தான் விடுதலையானார். ஸ்டாக்ஹோமுக்குப் போய்ப் பரிசு பெற்று ஊர் திரும்பினால், முன்னோடிகளுக்கு உரிய பெயர் கொடுக்கவில்லை என்று வியன்னாவின் சக மருத்துவர்கள் குற்றம் சாட்டினார்கள். மனம் வெறுத்து 1917இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1936இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அவருடைய கொதிகலன் விளக்கம் முழுமையா? 1983 இறுதியில் விண்வெளிக்குப் போன ஸ்பேஸ்லேப்-1 ஆய்வுக்கூடத்தில் இதையும் சோதித்தார்கள். எடையற்ற நிலையில் சூடானது மேலே ஏறுவது, குளிர்ந்தது கீழே இறங்குவது என்பதே கிடையாது. ஆகவே விழிநடுக்கம் வரக்கூடாது. ஆனால் வந்தது! வெப்ப ஓட்டம் முக்கியக் காரணம்தான், அது மட்டுமே காரணமில்லை என்று தெரிந்தது. நோபல் பரிசு பெற்ற விளக்கத்தையும் 70 ஆண்டுகள் கழித்துச் சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் அறிவியலின் அழகு.

புரண்டு படுத்தால் வரும் சுற்றல்

இனி முதலில் சொன்ன நோய்க்கு வருவோம். உப்சாலாவில் இருந்தபோது, 1921இல், பாரனி 27 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். குறிப்பிட்ட பக்கம் படுத்தால் மட்டும் அவருக்குத் தலை சுற்றியது, விழி நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் தானே அடங்கியது. அரைவட்டக் குழல்களுக்கு அருகில் புவியீர்ப்பை உணரும் இரண்டு பைகள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் யூட்ரிக்கிள். அதன் தரையில் பசை போன்ற படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கும். தலை சாய்ந்தால் துகள்களின் எடை படலத்தை இழுக்கும், மூளை அதைப் புரிந்துகொள்ளும். அந்தப் பகுதியில்தான் கோளாறு என்று பாரனி கருதினார்.

நோயைத் தெளிவாக வரையறுத்தவர்கள் லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையின் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும். ஹால்பைக் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் மர்ரீ மலை நகரத்தில் 1900இல் பிறந்தவர். 1938இல் மெனியேர் நோயாளிகள் இருவரின் காது எலும்புகளை, ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற அறுவை நிபுணரோடு சேர்ந்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உட்செவித் திரவம் பெருகி அதன் பை வீங்கியிருப்பதைக் காட்டினார். அதே ஆண்டு ஜப்பானில் யமகவாவும் தனியாக அதையே கண்டார். மெனியேரின் ஊகத்துக்குக் கண்ணால் காணும் சான்று கிடைக்க 77 ஆண்டுகள்! மார்கரெட் டிக்ஸ் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் காயம்பட்டு அந்தப் பாதை அடைபட்டபின் தலைசுற்றல் ஆராய்ச்சிக்கு வந்தார்.

1952இல் இருவரும் 100 நோயாளிகளின் விவரங்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனை இதுதான். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துத் தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி பிடிக்க வேண்டும். கண்களைப் பார்க்க வேண்டும். நோய் அந்தப் பக்கம் இருந்தால், சில விநாடிகள் ஒன்றும் இருக்காது. பிறகு விழிகள் சுழன்று நடுங்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எழுப்பி உட்காரவைத்தால் எதிர்த்திசையில் நடுங்கும். திரும்பத் திரும்பச் செய்தால் குறைந்துகொண்டே போகும். கருவியே தேவையில்லாத இந்தச் சோதனைதான் இன்றும் இந்த நோயைக் கண்டறியும் முதல் வழி.

ஆனால் ஏன் சில விநாடி தாமதம்? ஏன் தானே அடங்குகிறது? இவற்றுக்கு 1952இல் திருப்தியான பதில் இல்லை. கோளாறு யூட்ரிக்கிளில்தான் என்றே அவர்களும் நினைத்தார்கள்.

அடுத்த அடியை எடுத்தவர் அமெரிக்காவின் ஹரால்ட் ஷுக்னெக்ட். காது நோய் இருந்தவர்கள் இறந்தபின் தானம் தந்த காது எலும்புகளை மெல்லிய சீவல்களாக்கி ஆராய்வது அவர் வேலை. இந்த நோய் இருந்தவர்களின் காதுகளில், பின்புற அரைவட்டக் குழலின் உணர்மூடிமேல் படிவு ஒட்டியிருப்பதை 1969இல் எழுதினார். யூட்ரிக்கிளிலிருந்து உதிர்ந்த துகள்கள் குழலுக்குள் விழுந்து உணர்மூடியைக் கனமாக்கிவிட்டன என்றார். கோளாறு இருக்கும் இடம் ஒருவழியாகப் பிடிபட்டது.

ஆனால் உணர்மூடிமேல் பாரம் ஒட்டியிருந்தால், அந்த நிலையில் படுத்திருக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமே? அரை நிமிடத்தில் எப்படி அடங்கும்? 1979இல் கனடாவின் ஹால், ரூபி, மக்லூர் மூவரும் இதற்கு வேறு விளக்கம் சொன்னார்கள். துகள்கள் ஒட்டியிருக்கவில்லை, திரவத்தில் தனியே மிதக்கின்றன. தலையைச் சாய்த்ததும் அவை குழலுக்குள் சரிந்து இறங்கும். நகரத் தொடங்கச் சில விநாடி ஆகும், அதனால்தான் தாமதம். அடியில் போய்த் தங்கியதும் நின்றுவிடும், அதனால்தான் அடங்குகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் துகள்கள் சிதறிப்போகும், அதனால்தான் குறைகிறது. மூன்று கேள்விக்கும் ஒரே பதில்.

பிளாஸ்டிக் குழாய் டாக்டர்

அந்தக் காலத்தில் இந்த நோய் நீடித்தவர்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று, தலைசுற்றலை மந்தப்படுத்தும் மாத்திரைகள். இரண்டு, மிகக் கடுமையானால், பின்புறக் குழலுக்குப் போகும் நரம்பைக் காதுக்குள் சென்று வெட்டும் அறுவை சிகிச்சை. அமெரிக்காவின் ரிச்சர்ட் காசெக் 1974இல் அறிமுகப்படுத்திய இந்த அறுவை நுட்பமானது, கொஞ்சம் தவறினால் கேள்திறன் போகலாம்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம், போர்ட்லண்ட் நகரில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் இருந்தார். அவர் யோசனை எளிமையானது. துகள் குழலுக்குள் விழுந்திருக்கிறது. குழலுக்கு இரண்டு முனை. ஒரு முனையை உணர்மூடி அடைத்திருக்கிறது, மறுமுனை திறந்திருக்கிறது. தலையைச் சரியான வரிசையில் திருப்பினால் புவியீர்ப்பே துகளைத் திறந்த முனை வழியாக யூட்ரிக்கிளுக்குத் திருப்பி அனுப்பிவிடும். பிளாஸ்டிக் குழாயை வளைத்து அரைவட்டக் குழல் போல மாதிரி செய்து, உள்ளே சிறு குண்டுகளைப் போட்டு, எப்படித் திருப்பினால் எங்கே போகிறது என்று பார்த்தார். ஆடியோலஜிஸ்ட் டொமினிக் ஹியூஸ் அவருக்குத் துணை.

முறை இதுதான். நோயுள்ள பக்கம் தலையைத் திருப்பிச் சாய்த்துத் தொங்கவிடுவது. பிறகு தலையை மெல்ல மறுபக்கம் திருப்புவது. பிறகு உடம்பையும் உருட்டி முகம் தரையைப் பார்க்கும்படி செய்வது. கடைசியில் எழுப்பி உட்காரவைப்பது. ஒவ்வொரு நிலையிலும் சுற்றல் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மொத்தம் சில நிமிட வேலை.

1980இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் மாநாட்டில் எப்லி தன் முறையைக் காட்டினார். வரவேற்பு இல்லை. நரம்பை வெட்டும் அளவுக்குப் போன ஒரு நோயைத் தலையைத் திருப்பிக் குணமாக்கலாம் என்றால் மாந்திரீகம் மாதிரி இருந்தது பலருக்கு. போதாக்குறைக்கு, துகள்கள் எளிதாக நகரட்டும் என்று காதின் பின்னெலும்பில் அதிர்வுக் கருவி ஒன்றை வேறு வைப்பார். (அது தேவையே இல்லை என்று பிறகு தெரிந்தது.) அவர் கட்டுரையைப் பத்திரிகைகள் ஏற்க மறுத்தன. அது அச்சில் வந்தது 1992இல். 30 நோயாளிகள், எல்லோருக்கும் சுற்றல் நின்றது, சிலருக்குத் திரும்ப வந்து மறுபடி செய்ததும் சரியானது என்று அதில் எழுதியிருந்தார்.

அதற்குள் உலகின் வேறு இடங்களிலும் இதே திசையில் வேலை நடந்திருந்தது. 1988இல் பிரான்ஸின் அலேன் செமோன் என்ற பிசியோதெரபிஸ்ட் தன் சகாக்களோடு வேறொரு தலைத்திருப்பு முறையை வெளியிட்டார். நோயாளியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாகச் சாய்க்கும் முறை அது. எப்லியின் கட்டுரை வந்த அதே 1992இல் கனடாவில் லோர்ன் பார்ன்ஸும் மக்லூரும், அறுவைக்காகப் பின்புறக் குழலைத் திறந்தபோது உள்ளே வெள்ளைத் துகள்கள் மிதப்பதை நேரில் பார்த்ததாக எழுதினார்கள். ஊகமாக இருந்தது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அத்தோடு எப்லியின் தொல்லை தீரவில்லை. அவருடைய சிகிச்சை முறைகள் குறித்து 1990களில் ஒரிகன் மருத்துவ வாரியத்துக்குப் புகார் போனது. விசாரணை சில ஆண்டுகள் இழுத்து, கடைசியில் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 2019இல் அவர் காலமானார். அவர் பெயரிலான முறை இன்று உலகமெங்கும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரப்படுகிறது.

சந்தேகப்பட்டவர்கள் செய்தது தவறா?

இந்தக் கதையைப் படித்தால் எப்லியை மறுத்தவர்கள்மேல் கோபம் வரும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. தலைசுற்றல் நோய்களின் இயல்பே வந்து வந்து போவதுதான். எப்லி குணமாக்கிய நோய் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அப்படிப்பட்ட நோய்க்கு எதைக் கொடுத்தாலும் குணமானது போலத்தான் தெரியும். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தாலும்!

இது கற்பனைப் பயமில்லை என்பதற்கு டென்மார்க்கில் சான்று கிடைத்தது. மெனியேர் நோய்க்குத் திரவப் பையிலிருந்து திரவத்தை வடிய வைக்கும் அறுவை சிகிச்சை பல நாடுகளில் நடந்துவந்தது. மூன்றில் இரண்டு பங்கு பேருக்குப் பலன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாம்சனும் அவர் குழுவும் 30 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு உண்மையான அறுவையும் பாதிப் பேருக்குக் காதின் பின்னெலும்பை மட்டும் திறந்து மூடும் போலி அறுவையும் செய்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பரிசோதித்தவருக்கும் தெரியாது. 1981இல் முடிவு வெளியானது. இரண்டு குழுவிலும் பெரும்பாலோர் நன்றாகிவிட்டார்கள்! இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆராய்ச்சிக்காக ஒருவர் எலும்பைத் திறந்து மூடுவது நியாயமா என்ற கேள்வியும், அந்தப் புள்ளிவிவரத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற சண்டையும் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது. "என் நோயாளிகள் குணமானார்கள்" என்று ஒரு டாக்டர் சொல்வது மட்டும் ஆதாரமாகாது.

எப்லியின் முறையும் அந்தச் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. 1995 முதல், பாதிப் பேருக்கு உண்மையான திருப்பலும் பாதிப் பேருக்கு அதுபோலத் தோன்றும் போலித் திருப்பலும் செய்து ஒப்பிட்டார்கள். நல்ல வேளையாக இதில் கத்தி தேவைப்படவில்லை. கோக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2014இல் இப்படிப்பட்ட 11 ஆய்வுகளை, மொத்தம் 745 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. போலி முறையிலோ ஒன்றும் செய்யாமலோ இருந்தவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குச் சுற்றல் முழுதாக நின்றது. எப்லி முறையில் 56 சதவீதம் பேருக்கு நின்றது. பலருக்குப் பிறகு திரும்பியும் வந்தது.

எப்லியின் கட்டுரையில் எல்லோருக்கும் குணம். ஒப்பிட்டுப் பார்த்தபோது 56 சதவீதம். கண்டுபிடித்தவர் சொன்ன அளவு இல்லை, சந்தேகப்பட்டவர்கள் நினைத்ததுபோல் வெறும் கண்கட்டு வித்தையும் இல்லை. 21க்கும் 56க்கும் நடுவே இருக்கும் தூரம்தான் அந்த முறையின் உண்மையான மதிப்பு. கேள்வி கேட்டது தவறில்லை. சோதித்துப் பார்க்காமலே 12 ஆண்டுகள் ஒதுக்கி வைத்ததுதான் தவறு. அந்த 12 ஆண்டுகளில் எத்தனை பேர் படுக்கையில் புரளப் பயந்து சாய்வு நாற்காலியில் தூங்கியிருப்பார்கள், எத்தனை பேர் தேவையில்லாமல் மாத்திரை விழுங்கியிருப்பார்கள்!

முடிவாக

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவ அகாதெமி 2008இல் வெளியிட்டு 2017இல் புதுப்பித்த வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. இந்த நோய்க்குத் தலைத்திருப்பு முறையே சிகிச்சை, தலைசுற்றல் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை, வேறு அறிகுறி இல்லாவிட்டால் ஸ்கேனும் வேண்டாம். ஆனால் ஒரு மாத்திரைச் சீட்டு எழுத அரை நிமிடம் போதும். நோயாளியைப் படுக்கவைத்துக் கண்களைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். கண்டுபிடிப்பு வந்துவிட்டாலும் அது நோயாளி வரை வந்து சேர்வது தனி வேலை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தலைசுற்றலும் காதிலிருந்து வருவதில்லை. பேச்சு குழறினால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்துப்போனால், நடக்கவே முடியாவிட்டால் அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வீடியோ பார்த்துத் தாங்களே தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழல் என்று பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் தேவை.

மெனியேர் நோயாளி சொன்ன மூன்று தொல்லைகளையும் சேர்த்துக் கேட்டார். பாரனி "சூடு போதவில்லை" என்ற முறையீட்டைக் காதில் போட்டுக்கொண்டார். டிக்ஸும் ஹால்பைக்கும் எத்தனை விநாடியில் நடுக்கம் வருகிறது, எத்தனை விநாடியில் போகிறது என்று எண்ணினார்கள். 130 ஆண்டுகளில் எந்தப் பெரிய கருவியும் இந்த நோயின் புதிரை அவிழ்க்கவில்லை. நோயாளி பேசியதைக் கேட்டதும், அவர் கண்ணைப் பார்த்ததும்தான் அவிழ்த்தது. அடுத்த முறை வீட்டில் பெரியவர்கள் யாராவது "இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா மட்டும் சுத்துதுப்பா" என்று சொன்னால், பித்தம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோயறிதல் முடிந்துவிட்டது.